எரிந்த மோட்டாரும் எண்ணிப்பாராத சுமையும்

கொழும்பு நகரின் வட எல்லையில், களனி கங்கையை அண்டியிருக்கும் கிராண்ட்பாஸ், சுமைகளோடு பழகிய ஊர். ஆற்றைக் கடக்கும் பெருந்துறை என்ற பொருளில் போர்த்துக்கேயர் வைத்த பெயரே திரிந்து இன்றும் வழங்குகிறது. 1895 இல் விக்டோரியா பாலம் அமையும் வரை, தோணிகளைப் பிணைத்துக் கட்டிய மிதவைப் பாலத்தின் மேலாக வண்டிகள் கொழும்புக்குள் வந்தன. இப்பொழுது லொறிகள் வருகின்றன, பண்டசாலைகள் நிறைந்திருக்கின்றன, நாட்டாமைகள் தோளிலும் கைவண்டியிலும் மூடை சுமக்கிறார்கள். இப்படி உழைப்பவர்களின் பிள்ளைகளுள் சிலர் அண்மைய ஆண்டுகளில் றோபோ செய்யத் தொடங்கியிருக்கிறார்கள்.

றோபோ என்றதும் மனித உருவில் நடக்கும் பொம்மையை நினைக்க வேண்டாம். போட்டிகளுக்காக மாணவர் செய்வது பெரும்பாலும் இரண்டு அல்லது நான்கு சில்லுகள் பூட்டிய ஒரு தட்டுத்தான். அதன் மேல் ஒரு பற்றரி, கட்டளை கொடுக்கும் ஒரு சிறிய மின்பலகை, கண்ணாக உதவும் சில உணரிகள். தரையிலுள்ள கோட்டைப் பின்தொடர்வதும், பெட்டியைத் தூக்கி உரிய இடத்தில் வைப்பதும், சாய்தளத்தில் ஏறுவதும், எதிரணியின் வண்டியை வட்டத்துக்கு வெளியே தள்ளுவதும் இவற்றின் பணிகள். மொறட்டுவைப் பல்கலைக்கழகம், இலங்கைப் பொறியியலாளர் நிறுவனம், மாலபேயிலுள்ள ஸ்லிட் நிறுவனம் ஆகியவை இத்தகைய போட்டிகளை நடத்தி வந்துள்ளன. பாடசாலை மாணவருக்கும் இடம் உண்டு. 2002 இல் டோக்கியோவில் ஆரம்பித்த ஆசிய பசிபிக் ஒலிபரப்பாளர் ஒன்றியத்தின் றோபோகொன் போட்டியிலும் இலங்கைப் பல்கலைக்கழக அணிகள் பங்குபற்றியிருக்கின்றன.

கிராமிய அபிவிருத்தி பேசும் ஏட்டில் இதற்கு என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். பிள்ளைகளின் றோபோவில் எரியும் மோட்டாரும், வவுனியாவிலோ மன்னாரிலோ கிணற்றடியில் எரியும் நீர்ப்பம்பியும் பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான் எரிகின்றன. இரண்டு இடத்திலும் நட்டப்படுவது பணமில்லாதவர் வீடு. இதைவிட வேறு நியாயம் தேவையில்லை என்று நினைக்கிறோம்.

பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுவோம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் உலோகக் கியர் பூட்டிய நல்ல மோட்டார் ஒரு சோடி வாங்க ஒருவரின் ஒரு நாட்கூலி போதாது. 2022 இல் டொலரின் விலை சில வாரங்களுள் 200 ரூபாவிலிருந்து 350 ரூபாவுக்கு மேல் ஏறியபோது இறக்குமதிப் பொருள்கள் எல்லாவற்றோடும் இவையும் ஏறின. வசதியான பாடசாலை அணி மேலதிக மோட்டார்களை ஒரு பெட்டியில் கொண்டு வரும். ஒன்று எரிந்தால் பத்து நிமிடத்தில் மற்றொன்றைப் பூட்டிக்கொள்ளும். எமது பிள்ளைகளுக்கு எரிந்தது எரிந்ததுதான். அன்றோடு அவர்களுடைய போட்டி முடிகிறது. சிலருக்கு அன்றோடு இந்த ஆர்வமும் முடிந்துவிடுகிறது.

குற்றம் யாருடையது?

மோட்டார் எரிந்ததும் அணிக்குள் ஒரு வழக்கு ஆரம்பமாகும். பொறியைப் பூட்டியவர் நிரல் எழுதியவரைக் குறை சொல்வார். நிரல் எழுதியவர் பற்றரியைக் குறை சொல்வார். கடைசியில் எல்லோரும் சேர்ந்து, “ஃபாதர், இது சீன மோட்டார், அப்படித்தான் இருக்கும்” என்று தீர்ப்பெழுதுவார்கள். தீர்வும் கையோடு வரும்: இதைவிடப் பெரிய மோட்டார் வேண்டும். இந்தத் தீர்ப்பை நாம் பல தடவை கேட்டிருக்கிறோம். மலிந்த மோட்டார் உண்மையிலேயே மோசமாக இருந்த சந்தர்ப்பங்களும் உண்டு. ஆனால் அவை குறைவு. பெரும்பாலும் மோட்டார் தன்னால் இயன்றதைச் செய்திருக்கிறது. அதன் மேல் எவ்வளவு சுமை விழுகிறது என்பதை ஒருவரும் அளந்து பார்த்திருக்கவில்லை.

பற்றரியில் ஓடும் சிறு மோட்டாரின் உள்ளே செப்புக் கம்பிச் சுருள் ஒன்று காந்தங்களுக்கு நடுவே சுழல்கிறது. அது சுழலும்போது தானே ஒரு சிறு மின்பிறப்பாக்கியாகவும் தொழிற்பட்டு, பற்றரிக்கு எதிராக ஒரு வோல்ற்றளவை உண்டாக்குகிறது. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்கள் இதைப் பின் மின்னியக்க விசை என்று அறிவார்கள். வேகமாகச் சுழலும் மோட்டாரில் இந்த எதிர்ப்புப் பெரிது. ஆகவே பற்றரியிலிருந்து மிகச் சிறிதளவு மின்னோட்டமே உள்ளே வரும். சுமை கூடி வேகம் குறையக் குறைய எதிர்ப்புக் குறைந்து மின்னோட்டம் ஏறும். சில்லு முழுமையாக நின்றுவிட்டால் எதிர்ப்பே இல்லை. செப்புக் கம்பியின் சிறு தடை ஒன்றுதான் மிஞ்சும். இதனால் மோட்டார் மிக அதிகமான மின்னைக் குடிப்பது வேகமாக ஓடும்போது அல்ல, நின்றிருக்கும்போது.

ஆமர் வீதியில் கைவண்டி இழுப்பவருக்கு இது புதிதல்ல. வண்டிச் சில்லு குழியில் இறங்கிவிட்டால் அவர் மூச்சைப் பிடித்துத் தள்ளுவார். வண்டி ஓர் அங்குலமும் நகராது. செய்த வேலை என்று காட்ட ஒன்றுமில்லை. ஆனால் உடம்பு முழுவதும் வியர்வை. மோட்டாருக்கு வியர்க்காது, அது சூடாகும்.

கணக்கு ஒன்று பார்ப்போம். 12 வோல்ற் மோட்டார் ஒன்றின் சுருளின் தடை 2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். சில்லு நின்றால் மின்னோட்டம் 6 அம்பியர். உள்ளே போகும் வலு 72 வாற். அத்தனையும் வெப்பம். நாம் ஈயம் பற்றவைக்கும் கோல் பொதுவாக 60 வாற்தான். அதைவிடக் கூடிய வெப்பம் கட்டைவிரல் அளவான ஒரு பொருளுக்குள் அடைபட்டிருக்கிறது. அதே மோட்டார் 1.5 அம்பியரில் வேலை செய்தால் சுருளில் வீணாகும் வெப்பம் 4.5 வாற் மட்டுமே. 3 அம்பியரில் அது 18 வாற் ஆகிறது. மின்னோட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு என்ற இந்த விதியைப் பிள்ளைகள் பரீட்சைக்காகப் பாடமாக்கியிருக்கிறார்கள். தமது மோட்டாரிலும் அதுதான் நடக்கிறது என்று காண்பதற்கு ஒரு மணம் தேவைப்படுகிறது: கம்பியின் மேலுள்ள எனாமல் பூச்சுக் கருகும் மணம்.

சூடு தன்னைத் தானே வளர்க்கும் என்பதும் கவனிக்கத்தக்கது. செப்பின் வெப்பநிலை 100 பாகை ஏறினால் அதன் தடை ஏறத்தாழ 40 சதவீதம் கூடும். காந்தமும் சூட்டில் சற்றுத் தளரும். ஆகவே சூடான மோட்டார் அதே சுமையை இழுக்க இன்னும் கூடிய மின்னோட்டம் கேட்கும். அதனால் இன்னும் சூடாகும். முதற் சுற்றில் நன்றாக ஓடிய றோபோ மூன்றாம் சுற்றில் சாய்தளத்தின் நடுவே நின்றுவிடுவது இதனாலேயே. பற்றரி இறங்கிவிட்டது என்று எண்ணிப் புதிய பற்றரியைப் பூட்டுவார்கள். சூடான மோட்டாருக்கு அதுவே கடைசி அடியாகிவிடும்.

படிப்படியாகக் கழற்றிப் பார்த்தல்

கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு பல்மானி போதும். கடையில் மல்ற்றிமீற்றர் என்று கேட்க வேண்டும். அதைப் பற்றரிக்கும் மோட்டாருக்கும் இடையே தொடராக இணைத்து, 10 அம்பியர் துளையைப் பயன்படுத்த வேண்டும். பற்றரியின் இரு முனைகளிலும் நேரே வைத்தால் மானியே எரிந்துவிடும். ஒவ்வோர் அளவீட்டையும் சில விநாடிகளில் முடித்துக்கொள்வது நல்லது.

முதலில் மோட்டாரை வண்டியிலிருந்து முற்றாகக் கழற்றி, வெறுமனே ஓடவிட்டு மின்னோட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் தட்டில் பூட்டி, சில்லு இல்லாமல் ஓடவிடுங்கள். அடுத்து சில்லைப் பூட்டி, வண்டியைக் கையில் தூக்கிப் பிடித்தபடி. அதன் பின் தரையில் நேராக. அதன் பின் தரையில் திரும்பும்போது. கடைசியாகச் சாய்தளத்தில். இந்த ஆறு எண்களும் ஒரு தாளில் வரிசையாக இருந்தால் வழக்கு முடிந்தது. எந்தப் படியில் எண் திடீரென்று பாய்கிறதோ அந்தப் படியில்தான் கோளாறு இருக்கிறது.

எம்மிடம் வந்த ஓர் அணி இரண்டு மோட்டார்களை எரித்துவிட்டு மூன்றாவதுக்கு உதவி கேட்டது. சாதாரண தர வகுப்பு மாணவர். நான்கு சில்லு பூட்டிய வண்டி. மூன்றாவது மோட்டாரை வாங்குவதற்கு முன் மிச்சமிருந்தவற்றை அளந்து பார்ப்போம் என்றோம். தம்பிமாருக்கு அதில் பெரிய விருப்பமிருக்கவில்லை. போட்டிக்கு நாள் நெருங்கியிருந்தது. கழற்றி வைத்த மோட்டார் ஒழுங்காக ஓடியது. தட்டில் பூட்டியதுமே மின்னோட்டம் மூன்று மடங்காகியது. சில்லு இல்லை, தரை இல்லை, சுமையே இல்லை. எனினும் மூன்று மடங்கு! பூட்டிய திருகாணிகள் சற்று நீளமானவை. அவற்றின் நுனி முகப்புத் தகட்டைத் தாண்டிக் கியர்ப் பெட்டிக்குள் போய்ப் பற்சில்லோடு உரசிக்கொண்டிருந்தது. குட்டையான நான்கு திருகாணிகளால் அது தீர்ந்தது. வன்பொருட் கடையில் அவற்றின் விலை ஒரு தேநீருக்கும் குறைவு.

அவ்வண்டியின் கதை அத்தோடு முடியவில்லை. தரையில் நேராகச் சென்றபோது எண் அமைதியாக இருந்தது. திரும்பியபோது மறுபடியும் பாய்ந்தது. நான்கு சில்லு வண்டி நின்ற இடத்தில் திரும்ப வேண்டுமானால் நான்கு சில்லுகளும் பக்கவாட்டில் தரையைத் தேய்த்துக்கொண்டே நகர வேண்டும். சில்லுகளில் நல்ல பிடிமானமுள்ள றப்பர் என்றால் தேய்வு இன்னும் கடினம். பிடிமானம் கூடினால் நல்லது என்று பிள்ளைகள் தேடி வாங்கிய றப்பர் சில்லுகளே மோட்டாரைத் தின்றுகொண்டிருந்தன. பின்னிரு சில்லுகளை நீக்கி ஓர் உருளும் குண்டுச் சில்லை வைத்தபின் மோட்டார்கள் கையால் தொடக்கூடிய சூட்டில் நின்றன. அவ்வளவு பாடுபட்டுப் பூட்டிய சில்லுகளைக் கழற்ற வேண்டுமா என்று அவர்கள் தமக்குள் நெடுநேரம் வாதிட்டதையும் சொல்ல வேண்டும்.

அச்சில் சுற்றிக்கொள்ளும் தலைமயிர், நூல், வளைந்த அச்சு, தட்டில் உரசும் சில்லு, ஒரு நேர்கோட்டில் அமையாத துளைகள் ஆகியவையும் இதே முறையில் அகப்படும்.

சுமையைக் கணக்கிடல்

உரசல் ஒன்றும் இல்லாமலே மோட்டார் நிற்கிறதென்றால் சுமையே கூட. 3 கிலோகிராம் றோபோ ஒன்று 15 பாகைச் சாய்தளத்தில் ஏற வேண்டும் என்று கொள்வோம். அதைக் கீழே இழுக்கும் விசை எடையின் கால் பங்கைச் சற்றே தாண்டும், ஏறத்தாழ 0.78 கிலோ. சைன் அட்டவணை தெரியாதவர் றோபோவில் ஒரு நூலைக் கட்டி, விற்றராசினால் சாய்தளத்தில் மெல்ல இழுத்துப் பார்த்தாலும் இதற்கு அண்மையான விடை வரும். மீன் நிறுக்கும் சிறு தராசும் போதும். சில்லின் விட்டம் 6.5 சென்ரிமீற்றர் என்றால் ஆரை 3.25. இரண்டையும் பெருக்கினால் 2.5 கிலோ-சென்ரிமீற்றர் முறுக்கம். இரு மோட்டார்கள் பகிர்ந்தால் ஒன்றுக்கு 1.25 க்குச் சற்று மேல். மாணவர் பெரும்பாலும் வாங்கும் மஞ்சள் நிறப் பிளாத்திக்கு மோட்டாரோ, முற்றாக நிற்கும் நிலையிலேயே ஏறத்தாழ 1 கிலோ-சென்ரிமீற்றர்தான் தரும். இது ஏறாது. எத்தனை மோட்டார் எரித்தாலும் ஏறாது.

இவ்விடத்தில்தான் பெரிய மோட்டார் என்ற எண்ணம் வருகிறது. பஞ்சிகாவத்தையில் பழைய வாகனங்களிலிருந்து கழற்றிய வைப்பர் மோட்டாரை வாங்கி வருவார்கள். அது வலிமையானதுதான், ஆனால் பாரமானது, பல அம்பியர் குடிப்பது. அதற்குப் பெரிய பற்றரி வேண்டும்; பெரிய பற்றரி இன்னும் பாரம். சுமை சுமையைப் பெற்றெடுத்துக்கொண்டே போகும்.

முதலில் இருப்பதைக் குறைத்துப் பார்க்கலாம். கணினிக்குத் துணை மின் கொடுக்கும் பெட்டியிலிருந்து எடுத்த 12 வோல்ற் ஈய அமிலப் பற்றரி மட்டுமே 2 கிலோகிராமுக்கு மேல் இருக்கும். மேலே சொன்ன 3 கிலோவில் மூன்றில் இரண்டு பங்கு மோட்டாருக்கு உணவு கொடுக்கும் பற்றரியின் பாரமே! அதே வேலையைச் சில நிமிடங்களுக்குச் செய்யக்கூடிய லித்தியப் பற்றரி 200 கிராமளவில் கிடைக்கிறது. விலை கூட; குறுக்குச்சுற்று ஏற்பட்டாலோ, உப்பிய பின் மின்னேற்றினாலோ தீப்பிடிக்கும். ஆதலால் அதற்கென உரிய மின்னேற்றியும், ஒரு பெரியவரின் கண்காணிப்பும், வயரில் ஓர் உருகியும் இல்லாமல் அதைப் பிள்ளைகளின் கையில் கொடுக்கலாகாது. இந்த ஒன்றில் விட்டுக்கொடுப்புக் கூடாது என்பது எமது கருத்து.

அடுத்து சில்லு. சில்லின் ஆரையைப் பாதியாக்கினால் மோட்டார் தர வேண்டிய முறுக்கமும் பாதியாகும். வேகமும் பாதியாகும் என்பது உண்மை. ஆனால் சாய்தளத்தில் நின்றுபோகும் வண்டிக்கு வேகம் எதற்கு? அதே மஞ்சள் மோட்டார் 1:48 என்ற கியர் விகிதத்தில் மட்டுமல்ல, 1:120 இலும் வருகிறது. தோற்றம் ஒன்றே, இழுவை கூட. கடைக்காரர் சொல்லமாட்டார், கேட்க வேண்டும்.

நிரலும் குற்றவாளியாகும் இடம்

நிரல் எழுதுபவர் சில வேளைகளில் உண்மையிலேயே குற்றவாளிதான். முழு வேகத்தில் முன்னோக்கி ஓடும் மோட்டாருக்குத் திடீரென்று பின்னோக்கிப் போகும்படி கட்டளையிட்டால், மேலே சொன்ன எதிர்ப்பு வோல்ற்றளவு இப்போது பற்றரியோடு கூட்டுச் சேர்ந்துகொள்ளும். நின்ற மோட்டார் 6 அம்பியர் குடிக்குமானால், அக்கணத்தில் இது ஏறத்தாழ 12 அம்பியர் குடிக்கும். கோட்டைத் தவறவிட்ட றோபோ இடமும் வலமும் துடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு துடிப்பும் இத்தகைய ஓர் அடி. வேகத்தை விநாடியின் ஐந்தில் ஒரு பங்கு நேரத்திலாவது படிப்படியாகக் குறைத்து, பின்னர் திசையை மாற்றும்படி எழுதினால் போதும். சில்லில் சுழற்சியை எண்ணும் உணரி இருந்தால், அரை விநாடி சில்லு அசையாதபோது மின்னைத் துண்டிக்கும்படியும் எழுதலாம். இரண்டும் செலவில்லாத மருந்து.

மோட்டாருக்கு மின்னைப் பங்கிடும் பலகையையும் மறக்கலாகாது. மாணவரிடம் பரவலாகக் காணப்படும் எல் 298 என்ற சில்லுப் பலகை ஒரு பக்கத்துக்கு 2 அம்பியர் வரையே தாங்கும். சுமையோடு ஓடும்போது ஏறத்தாழ 2 வோல்ற்றையோ அதற்கு மேலோ அதுவே விழுங்கிக்கொள்ளும். 6 வோல்ற் பற்றரியில் இது மூன்றில் ஒரு பங்கு. 6 அம்பியர் குடிக்கக்கூடிய மோட்டாரை இதில் பூட்டினால் மோட்டாருக்கு முன் பலகை எரியும்; பிள்ளைகள் மோட்டார் தப்பியதென்று மகிழ்வார்கள். மோட்டார் புறப்படும் ஒவ்வொரு தடவையும் றோபோவின் மூளை அணைந்து மறுபடி விழித்தால், மோட்டார் ஒரே மிடறில் குடிப்பதால் பற்றரியின் வோல்ற்றளவு சரிகிறது என்று பொருள். நிரலில் பிழை தேடி இரவெல்லாம் விழித்திருப்பதில் பயனில்லை.

வசதியுள்ள நாடுகளிலும் இதே தொல்லை இருக்கிறது. 1992 இல் அமெரிக்காவில் டீன் கேமன் ஆரம்பித்த ஃபெர்ஸ்ற் போட்டியில் பல்லாண்டுகள் பயன்பட்ட சிம் என்ற 12 வோல்ற் மோட்டார் நின்ற நிலையில் 131 அம்பியர் குடிக்கும். ஆகவே ஒவ்வொரு மோட்டார்ச் சுற்றுக்கும் தன்னியக்கத் துண்டிப்பானும், முழு வண்டிக்கும் 120 அம்பியர் பிரதான துண்டிப்பானும் இருக்க வேண்டுமென்பது அங்கு விதி. பரிசோதகர் பார்த்து ஒப்பாமல் வண்டி களத்தில் இறங்க முடியாது. இங்கும் அப்படி ஒரு விதி எல்லாப் போட்டிகளிலும் இருந்தால் நல்லது.

கிணற்றடியிலுள்ள வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் நீர்ப்பம்பி மாறுதிசை மின்னில் ஓடுவது. அதன் குணம் சற்று வேறு. நின்றால் மிகையாகக் குடிப்பது இரண்டுக்கும் பொது. ஆனால் பற்றரி மோட்டார் வோல்ற்றளவு குறைந்தால் மெதுவாக ஓடும். பம்பி மோட்டாரோ, மாலையில் 230 வோல்ற் 180 ஆக இறங்கும்போது அதே நீரை இறைக்க முன்னிலும் கூடிய மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகும். புறப்படும் வலுவும் 60 சதவீதமளவுக்கு விழுந்துவிடும். முனகிக்கொண்டு சுழலாமல் நிற்கும் பம்பியை உடனே அணைக்க வேண்டும். மணலோ, பழுதான கொள்ளளவியோ காரணமாகலாம். அடிக்கடி விழுகிறதென்று ஓவர்லோட் ஆளியைக் கம்பியால் கட்டி வைப்பவர்கள், எரிந்த சுருளை மறுபடி சுற்றுவதற்கான காசையும் கூடவே எடுத்து வைக்கலாம்.

போட்டி நாளுக்குச் செல்லும் பிள்ளைகள் பல்மானியையும், குட்டைத் திருகாணிகளையும், மேலதிக உருகிகளையும், அந்த ஆறு எண்கள் எழுதிய தாளையும் எடுத்துச் செல்லட்டும். தாளை றோபோவின் அடியிலேயே ஒட்டிவிட்டால் தொலையாது. சுற்றுகளுக்கிடையே மோட்டாரைத் தொட்டுப் பார்த்து வெளிக்கூடு ஆறிவிட்டதென்று நம்ப வேண்டாம். உள்ளேயுள்ள சுருள் அதைவிடச் சூடாக இருக்கும், ஆறவும் பல நிமிடம் எடுக்கும். அடுத்த சுற்றுக்கு அழைக்கும் வரை றோபோவின் மூடியைத் திறந்து வையுங்கள். மண்டபத்தில் விசிறிக்குக் கீழே ஒரு மேசை தரும்படி கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.